வருகிறார் என்று நம்பியவர்கள் என்ன செய்தார்கள், தெரியுமா?

எங்கோ போர் மூண்டால் போதும், நிலம் குலுங்கினால் போதும், புதுக் காய்ச்சல் ஒன்று பரவினால் போதும்... "வருகை சமீபம்!" என்று ஃபோனில் செய்திகள் குவிகின்றன. கூடவே பயமும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால், இயேசுவின் இரண்டாம் வருகை பயமுறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட செய்தியே அல்ல! இரண்டாயிரம் வருடங்களாக, காலம் கெட்டுக் கிடந்தபோதெல்லாம் கிறிஸ்தவர்களைத் தூக்கி நிறுத்தி வேலை செய்ய வைத்த நம்பிக்கை அது. அந்த வரலாற்றில்தான் எத்தனை ஆச்சரியங்கள்! ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. துக்க வீட்டுக்குப் போன கடிதம்

புதிய ஏற்பாட்டில் முதன்முதலில் எழுதப்பட்டது எது தெரியுமா? மத்தேயு என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால், பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் என்கிறார்கள் அறிஞர்களில் பெரும்பாலோர்! எழுதிய காலம் ஏறக்குறைய கி.பி. 50, 51. சிலுவைச் சம்பவம் நடந்து இருபது வருடம்தான் ஆகியிருந்தது! தெசலோனிக்கே சபையாருக்கு ஒரு தவிப்பு: இயேசு வருவதற்குள் எங்கள் வீட்டில் சாவு விழுந்துவிட்டதே, போனவர்கள் கதி என்ன? பவுல் நாள் கணக்கு எதையும் சொல்லவில்லை. மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், பிரிந்தவர்கள் ஒன்று சேருவீர்கள், இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்றார். வருகையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்தே ஓர் ஆறுதல் கடிதம்! அதே ஊருக்குப் போன இரண்டாம் நிருபத்தில் ஒரு கண்டிப்பும் உண்டு: சும்மா திரியாதீர்கள், உழைத்துச் சாப்பிடுங்கள்!

2. தீவிலிருந்து ஏழு ஊர்களுக்கு

வெளிப்படுத்தின விசேஷம் என்றதும் மிருகங்களும் எக்காளங்களும்தான் நினைவுக்கு வரும். அது எழுதப்பட்ட இடம் தெரியுமா? ஈஜியன் கடலில் 34 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள பத்மு என்ற குட்டித் தீவு! விசுவாசத்துக்காக அங்கே தனித்து விடப்பட்டிருந்தார் யோவான். அவர் எழுதிய ஏழு சபைகளும் இன்றைய துருக்கியில் இருந்தவை. எபேசுவில் தொடங்கி அதே வரிசையில் சாலை வழியே போனால் ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம்! துன்பத்தில் இருந்த சபையார் கூடி உட்கார்ந்து, ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்ட நூல் அது. 'ரோமப் பேரரசே கடைசி வார்த்தை அல்ல' என்பதுதான் அவர்கள் கேட்ட சேதி. யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லப்படும் குகையை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

3. கிழக்கு பார்த்த கல்லறைகள்

பழைய தேவாலயங்கள் பலவற்றில் பலிபீடம் ஏன் கிழக்கே இருக்கிறது? பழைய கல்லறைத் தோட்டங்களில் உடலை ஏன் கால்மாடு கிழக்கே இருக்கும்படி அடக்கம் செய்தார்கள்? கிறிஸ்து கிழக்கிலிருந்து வருவார், எழுந்து நிற்கும்போது அவர் முகத்தை நேரே பார்க்க வேண்டும் என்பதற்காக! உயிர்த்தெழுதலின் அதே நம்பிக்கையோடு, 1732-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியன் என்ற சபையின் இளைஞர்கள் ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டத்துக்கே போய்ப் பாடினார்கள். அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. அதே மொரேவியச் சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள்!

எருசலேமின் ஒலிவ மலைச் சரிவைப் பாருங்கள்: ஒன்றரை லட்சம் அளவுக்கு யூதக் கல்லறைகள்! மேசியா வரும்போது முதலில் எழுந்திருக்கலாம் என்ற ஆசை. இயேசு பரமேறியதும் அந்த மலையிலிருந்துதான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். எதிரே நகரின் கிழக்கு மதிலில், மேசியா நுழைவார் என்று நம்பப்படும் பொன் வாசல், 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கல் வைத்து அடைக்கப்பட்டே கிடக்கிறது.

4. ஆளில்லாத சிங்காசனம்

இத்தாலியின் ராவென்னா நகரில் ஆரியர் ஞானஸ்நான மண்டபம் என்று ஒன்று உண்டு. அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கப் பொன் மின்னும் மொசைக். அப்போஸ்தலர்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். எதை நோக்கி? காலியான ஒரு சிங்காசனத்தை நோக்கி! அதன் மேல் மெத்தையும் ஒரு சிலுவையும் மட்டும். அமர வேண்டியவர் வரப்போகிறார், இடம் தயார் என்று பொருள்!

5. உலகம் முடிகிறதென்று நினைத்தவர் செய்த வேலை

கி.பி. 410-ல் ரோம் சூறையாடப்பட்டபோது எல்லாம் முடிந்தது என்று உலகமே கதறியது. வட ஆப்பிரிக்காவில் இருந்த பேராயர் அகஸ்டின் 413-ல் பேனா எடுத்தார். 426 வரை எழுதி, 22 பாகங்களில் 'கடவுளின் நகரம்' என்ற மாபெரும் நூலைத் தந்தார்! நகரங்கள் விழலாம், கடவுளின் நகரம் விழாது என்பது அதன் சாரம். 430-ல் அவர் கண்மூடியபோது அவருடைய ஊரையே எதிரிப் படை முற்றுகையிட்டிருந்தது.

590-ல் போப் ஆன கிரகோரியார் கதை இன்னும் வியப்பு! ரோமில் வெள்ளம், கொள்ளைநோய், வெளியே லொம்பார்டியரின் படை. அவருக்கு முன்பிருந்த போப்பையே கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. உலக முடிவு வாசலில் நிற்கிறது என்று உறுதியாக நம்பினார் கிரகோரியார். நம்பியவர் என்ன செய்தார்? பசித்தவர்களுக்குத் தானியம் பங்கிட்டார். 596-ல் சுமார் 40 துறவிகளைத் திரட்டி, இங்கிலாந்துக்கு அனுப்பினார். கான்டர்பரி திருச்சபை பிறந்தது அப்படித்தான்! முடிவு நெருங்கிவிட்டதென்று நினைத்தவர், 1,400 வருடம் தாண்டியும் நிற்கிற வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

6. தேதி குறித்தவர்கள்

புவியீர்ப்பு விசைக்குப் பேர்போன ஐசக் நியூட்டன் தானியேல் ஆகமத்தை வைத்துக் கணக்குப் போட்டவர் என்பது தெரியுமா? அவர் தாள்களில் 2060 என்ற வருடம் இருக்கிறது! அதற்கு முன் முடிவு வர முகாந்திரமில்லை, பிந்தி வேண்டுமானால் வரலாம் என்று எழுதினார். ஆளாளுக்கு நாள் குறித்து, அது பொய்த்து, வேதத்துக்கே இழுக்கு வருவதைத் தடுக்கத்தான் அந்தக் கணக்கு! அந்தத் தாள்கள் இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அமெரிக்க விவசாயி வில்லியம் மில்லரின் போதனையைக் கேட்டவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ வருகையின் நாளாக நம்பினார்கள். அறுவடையைக்கூட வயலில் விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. பொழுது விடிந்தது, அழுகைதான் மிஞ்சியது. 'மாபெரும் ஏமாற்றம்' என்றே வரலாறு அதற்குப் பெயர் வைத்துவிட்டது. அந்தக் கண்ணீரிலிருந்து எழுந்தவர்களில் ஒரு கூட்டம் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தது. நாள் குறிப்பதை விட்டார்கள், மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டினார்கள். இன்று அதன் அங்கத்தினர் 2 கோடிக்கும் மேல்!

நம் பக்கத்திலும் நடந்தது! தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான யுஸ்தூஸ் யோசேப்பு, திருவிதாங்கூரில் 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அந்த வருடம் கடந்து போனது. ஆனால் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. கணக்கு தோற்றது, பாட்டு நின்றது!

7. அல்லேலூயாவால் திறந்த சிறை

ஹேண்டலின் 'மேசியா'வில் வரும் அல்லேலூயா கோரஸை எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கேட்டிருப்போம்! அதன் வார்த்தைகள் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து வந்தவை. தொட்டில் குழந்தையை அல்ல, ராஜாவாக ஆளுகை செய்கிறவரைப் பாடுகிறது அது! முழு இசையையும் 1741-ல் 24 நாட்களில் எழுதி முடித்தார் ஹேண்டல். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் நடந்த முதல் அரங்கேற்றத்தின் வசூல் தர்மத்துக்குப் போனது. கடனுக்காகச் சிறையில் கிடந்த 142 பேர் அந்தப் பணத்தால் விடுதலையானார்கள்!

8. வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்தி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம். வந்தவரை நினைக்கவும், வரப்போகிறவருக்கு ஆயத்தமாகவும் வைத்த நாட்கள். அப்போது ஆலயத்தில் பச்சை இலை வளையத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோமே, அது எங்கே தொடங்கியது தெரியுமா? ஆதரவற்ற பிள்ளைகளின் விடுதியில்! ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற போதகர் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினார். "இன்னும் எத்தனை நாள்?" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-ல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி. நாளுக்கு ஒன்றாக ஏற்ற ஏற்ற, பண்டிகை நெருங்க நெருங்க, அறையில் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது! வருகைக்குக் காத்திருப்பது எப்படி என்று இதைவிட அழகாக யார் சொல்லித்தர முடியும்?

9. முள்வேலிக்குள் பிறந்த இசை

1940-ல் ஜெர்மானியப் படையிடம் சிக்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான், கெர்லிட்ஸ் ஊரின் போர்க் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். பசி, உறைபனி, முள்வேலி. அனுதாபம் கொண்ட காவலர் ஒருவர் தாளும் பென்சிலும் தந்தார். கைதிகளிலேயே ஒரு வயலின்காரர், ஒரு செல்லோக்காரர், ஒரு கிளாரினெட்காரர் இருந்தார்கள். பியானோவுக்கு மெஸ்ஸியானே இருந்தார். இந்த நான்கை வைத்தே எழுதினார்! எதைப் பற்றி? வானத்துக்குக் கையை உயர்த்தி, இனிக் காலம் இல்லை என்று ஆணையிடும் வெளிப்படுத்தின விசேஷத்தின் தூதனைப் பற்றி! 1941 ஜனவரி 15 அன்று, குளிர் நடுக்கும் முகாம் கொட்டகையில் கைதிகளும் காவலர்களும் ஒன்றாக உட்கார்ந்து 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யைக் கேட்டார்கள். எட்டுப் பகுதிகள். கடைசிப் பகுதி வயலினும் பியானோவும் மட்டும் சேர்ந்து, இயேசுவின் சாவில்லாத ஜீவனை மெல்ல மெல்ல ஏறிப் பாடும் துதி. உலக மகா யுத்தம் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்!

10. லூத்தர் நட்ட மரமா?

நாளை உலகம் அழியும் என்று தெரிந்தாலும் இன்று ஓர் ஆப்பிள் கன்று நடுவேன் என்று மார்ட்டின் லூத்தர் சொன்னதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லூத்தர் எழுதியவற்றில் எங்குமே அது இல்லை! 1944-ல், குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஜெர்மனியில்தான் முதன்முதலாக எழுத்தில் தென்படுகிறது. இடிபாடுகளுக்கு நடுவில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்ட வார்த்தை அது!

11. டமாஸ்கஸில் ஒரு கோபுரம்

இயேசு மீண்டும் வருவார் என்று இஸ்லாமியரும் நம்புகிறார்கள், தெரியுமா? டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் உயரமான மினாரா, ஈஸா நபியின், அதாவது இயேசுவின், பெயரையே தாங்கி நிற்கிறது!

12. எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்

எப்போது வருவீர், என்ன அடையாளம் என்று ஒலிவ மலையில் சீடர்கள் இயேசுவிடம் நேராகவே கேட்டார்கள். யுத்தங்களும் பஞ்சங்களும் பூமியதிர்ச்சிகளும் வரும், கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்றார். அந்த நாள் தமக்கே தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லிவிட்டார்! பிறகு கதைகளாகச் சொன்னார்: எண்ணெயோடு விழித்திருந்த கன்னிகைகள், கொடுத்த தாலந்தைப் பெருக்கிய வேலைக்காரர்கள். கடைசியில் நியாயத்தீர்ப்பு. அங்கே ராஜா கேட்பவை என்னென்ன? பசித்தவனுக்குச் சோறு போட்டாயா? தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா? அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா? உடுப்பில்லாதவனுக்கு உடுத்தினாயா? நோயாளியையும் சிறையில் இருந்தவனையும் போய்ப் பார்த்தாயா?

யோசித்துப் பாருங்கள்! பரீட்சைத் தேதியை மறைத்துவிட்டுக் கேள்வித்தாளை முழுசாகக் கையில் கொடுத்திருக்கிறார்! கிரகோரியார் தானியம் பங்கிட்டதும், விஷெர்ன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதும், டப்ளினில் 142 பேர் விடுதலையானதும் அந்தக் கேள்விகளுக்கான விடைகள்தாம். வருகிறார் என்பது உண்மையானால், இன்று நாம் பரிமாறும் ஒரு தட்டுச் சோறுகூட வீணாகப் போகாது. ஆகவே காலம் எவ்வளவு கெட்டாலும் கலங்க வேண்டாம். இந்த வாரமே ஒரு நோயாளியைப் போய்ப் பாருங்கள், பசித்த ஒருவரை உங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார வையுங்கள். வருகிறவருக்கு நாம் செய்யக்கூடிய ஆயத்தம் அதுவே!