புல்லட்டும் வேப்பமரமும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் திருத்தணியில் ஒரு வீட்டு வாசலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வேப்பமர நிழலில் பழைய புல்லட் ஒன்று சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது. தாத்தா வாங்கியது, இன்று அப்பா அதைக் குழந்தையைப் போலப் பராமரிக்கிறார். எஞ்சினின் அடியில் உள்ள திருகைக் கழற்றுகிறார். கறுத்த ஆயில் தகரத்தில் வடிகிறது. புது ஆயிலை ஊற்றி முடித்ததும், பழைய ஆயிலை மரத்தடியில் கொட்டுகிறார். “கரையான் வராது” என்கிறார்.

அந்த வேப்பமரம் சில ஆண்டுகளாக மேலிருந்து கீழாகக் காய்ந்து வருகிறது. ஏன்? வண்டிக்கும் மரத்துக்கும் தொடர்பு உண்டா? காண்போம்.

எஞ்சினும் மூச்சு விடுகிறது

1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் உருவாக்கிய பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ. பிஸ்டன் நகரும் தொலைவு 90 மி.மீ. உருளையின் கன அளவுச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். கணக்கிட்டால் ஏறத்தாழ 346 கன சென்டிமீட்டர் வரும். இதைத்தான் ‘346 சி.சி.’ என்கிறோம்.

நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை காற்று உள்ளே இழுக்கப்படும். நிமிடத்துக்கு 2000 சுழற்சி என்றால் 1000 முறை. அதாவது, நிமிடத்துக்கு அதிக அளவாகச் சுமார் 346 லிட்டர் காற்று! காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சின் திணறும். டாங்கில் பெட்ரோல் நிறைய இருந்தும் பயன் இல்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கும் இதே கதைதான்.

மரம் நீரை எப்படி ஏற்றுகிறது?

வளிமண்டல அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர்தான். திருத்தணி மலை உச்சியில் ஒரு பம்பை வைத்து, அடிவாரத்துச் சரவணப் பொய்கையின் நீரை உறிஞ்ச முயன்றால், அந்தப் பம்பு எவ்வளவு சக்தி வாய்ந்ததாயினும் நீர் மேலே வராது. கீழிருந்து தள்ளினால்தான் வரும்.

ஆனால் 15 மீட்டர் உயரமுள்ள வேம்பின் உச்சி இலைக்கு நீர் போகிறதே! பம்பு எங்கே?

இதற்கு விடை கூறியவர்கள் அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும். ஆண்டு 1894. இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது, பின்னால் உள்ள நீர் மூலக்கூறுகள் இழுக்கப்படுகின்றன. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மை உடையவை. ஆகவே வேர் முதல் இலை வரை, சைலம் என்னும் நுண்குழாய்களில், நீர் ஒரு கயிற்றைப் போல இழுபட்டு மேலே ஏறுகிறது. சூரிய வெப்பமே இந்தக் கயிற்றை இழுக்கும் ஆள்!

வேரிலிருந்து வரும் நீர் குறைந்தால் கயிறு அளவுக்கு மீறி விறைக்கும். ஒரு கட்டத்தில் அறுந்து, குழாயில் காற்றுக்குமிழி தோன்றும். அந்தக் குழாய் பிறகு நீரை ஏற்றாது. வேரிலிருந்து அதிகத் தொலைவில் உள்ள உச்சிக்கிளைகளில் இழுவிசை மிகுதி. அதனால் அவை முதலில் காயக்கூடும்.

வேரின் மூச்சு

வேர் வெறும் குழாய் அன்று, உயிருள்ள உறுப்பு. அதுவும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால், நீர் அருகில் இருந்தாலும் அதைச் சரிவர உறிஞ்ச முடியாது. நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் உள்ளது. ஆயில் விழுவதும் அங்கேதான்.

ஒரு கணக்கு போடுவோம். பழைய புல்லட்டிலிருந்து வடியும் ஆயில் சுமார் 2 லிட்டர். அது 1 சதுர மீட்டர் பரப்பில், 10 செ.மீ. ஆழம் வரை பரவுவதாகக் கொள்வோம். மண்ணின் கன அளவு 0.1 கன மீட்டர். அதில் 40 சதவீதம் இடைவெளி என்றால், துகள்கள் மட்டும் 0.06 கன மீட்டர். துகள்கள் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கோளங்கள் என்றால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 720 சதுர மீட்டர். மூன்று கிரவுண்டு மனைக்கும் மேல்!

2 லிட்டரை இந்தப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 0.003 மி.மீ. அதாவது, ஒரே ஒரு முறை கொட்டிய ஆயில், அத்தனை மணல் துகள்களுக்கும் மெல்லிய போர்வை போர்த்தப் போதும். எண்ணெய் பூசிய துகளில் நீர் ஒட்டாது. ஊற்றும் நீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். ஆண்டுதோறும் கொட்டினால் இடைவெளிகளும் அடையும். வேரின் காற்று வடிகட்டி அடைபட்டுவிட்டது எனலாம்.

போதாக்குறைக்கு, பயன்படுத்திய ஆயிலில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகள்களும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில கரிமச் சேர்மங்களும் உள்ளன. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் இதனை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன.

ஆயில்தான் காரணமா?

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. வேம்புக்கு நுனிக்கருகல் நோய் ஒன்று உண்டு. போமாப்சிஸ் அசாடிரக்டே என்னும் பூஞ்சை இதனை உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் தளிர்களும் நுனிக்கொம்புகளும் பழுப்பாகிக் கருகும். தேயிலைக் கொசு என்னும் பூச்சி தளிர்ச் சாற்றை உறிஞ்சினாலும் நுனி கருகும். இவ்வாறு கருகிய மரங்களில் பல, கோடையில் மீண்டும் துளிர்ப்பதுண்டு. அவற்றை வெட்டிவிடக் கூடாது.

எப்படிப் பிரித்து அறிவது? தெருவில் உள்ள மற்ற வேம்புகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் நுனி கருகியிருந்தால் நோயாக இருக்கலாம். உங்கள் மரம் மட்டும் காய்கிறது என்றால், அடிமண்ணைச் சந்தேகியுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

செய்து பாருங்கள்

1. இருபுறமும் மூடி வெட்டிய, விளிம்பு கூராக இல்லாத ஒரு தகர டப்பாவை மரத்தடி மண்ணில் 3 செ.மீ. அழுத்துங்கள். அதில் அரை லிட்டர் நீர் ஊற்றி, இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். ஆயில் படாத இடத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

2. காய்ந்தது போலத் தோன்றும் கொம்பின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அந்தப் பகுதிக்கு இன்னும் உயிர் உண்டு.

மண் கெட்டிருந்தால் என்ன செய்வது? ஆயில் தோய்ந்த மேல்மண்ணை, பெரிய வேர்களைக் காயப்படுத்தாமல், கையுறை அணிந்து அகற்றச் சொல்லுங்கள். அதைச் சாக்கடையிலோ கிணற்றருகிலோ கொட்ட வேண்டாம்; எரிக்கவும் வேண்டாம். மீதி மண்ணைக் கிளறி, மக்கிய எருவைக் கலந்து, சிமெண்டுத் தளம் இருந்தால் அதையும் பெயர்த்துவிட வேண்டும். மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் எண்ணெயைச் சிதைத்து உண்ணும். அவற்றுக்கும் காற்றும் நைட்ரஜன் சத்தும் வேண்டும். அவை மெதுவாகத்தான் வேலை செய்யும். மரம் தேறச் சில பருவங்கள் பிடிக்கலாம்.

இனி வடியும் ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் மெக்கானிக் கடையில் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து அது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போனால், சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் மசகு எண்ணெய் ஆகும்.

அப்பா நம்ப மறுக்கலாம். வாதம் செய்ய வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தகர டப்பாவையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு அவரையும் மரத்தடிக்கு அழையுங்கள். நீர் இறங்கும் நேரத்தை அவரே குறிக்கட்டும்.