முரசுகள் நூறு, கும்பிடுபவர் சிலர்

காரோ மலையின் அறுவடைத் திருநாள் மேடையேறிப் புகழ் பெற்றுவிட்டது. அதை வழிபாடாக நடத்தும் வீடுகளோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன.

நாள் குறிக்கப் பஞ்சாங்கம் தேவையில்லை. மலைச்சரிவில் கடைசிக் கதிரும் அறுபட்டு நெல் வீடு வந்து சேர வேண்டும். பானையில் போட்ட சோறு புளித்து, ‘சூ’ என்கிற அரிசி மது பதமாக வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உறவுக்காரர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். மேகாலயாவின் மேற்குப் பாதியில் இருக்கும் காரோ மலைகளில், நம் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், ஒவ்வோர் ஊரும் தன் சௌகரியப்படி வாங்காலாவுக்கு நாள் வைக்கிறது. பக்கத்து ஊருக்கு வேறு நாள். இதில் ஒரு லாபமும் உண்டு. இங்கே ஆடி முடித்தவர்கள் அங்கே விருந்தாளியாகப் போய் மறுபடி ஆடலாம்.

முதல் நாள் காரியங்கள் நோக்மாவின் வீட்டில் நடக்கின்றன. நோக்மா என்பவர் ஊர்த்தலைவர். ஆனால் அந்தப் பதவி அவருக்குத் தந்தை வழியாக வந்ததல்ல. மனைவி வழியாக வந்தது. காரோக்கள் தாய்வழிச் சமூகத்தினர். ஊர் நிலம் ஒரு தாய்க்குலத்துக்குச் சொந்தம். அந்தக் குலத்தின் வாரிசான பெண்ணைக் கைப்பிடித்தவர் நோக்மா. மூங்கில் தூண்கள் மேல் நீளமாக எழுப்பிய அவருடைய வீட்டில், புது விளைச்சலில் சமைத்த சோறு, காய்கறி, மது எல்லாவற்றையும் மிசி சால்ஜோங் என்னும் தெய்வத்துக்குப் படைத்து மதுவை வார்க்கிறார்கள். இதற்கு ருகாலா என்று பெயர். பிறகு வீட்டின் நடுத்தூணருகே நோக்மா சாம்பிராணி போடுகிறார். புகை கூரைவரை எழுந்து வீடு முழுவதும் நிறைகிறது. அரிசி மாவைக் கரைத்து அதில் கை தோய்த்துத் தூண்களிலும் உத்தரங்களிலும் பதிக்கிறார்கள். மார்கழியில் மாக்கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு இந்த வெள்ளைக் கைத்தடம் அந்நியமாகத் தெரியாது.

புகை அடங்கும் முன்பே முரசு தொடங்கிவிடுகிறது. டாமா என்பது ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான, இருபுறமும் ஒடுங்கிய மரமுரசு. ஆண்கள் அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு இரு கையாலும் தட்டியபடி ஆடுகிறார்கள். பெண்கள் எதிர்வரிசையில் கைகளை அசைத்து, அவசரமே இல்லாத சிறு காலடி வைத்து நகர்கிறார்கள். தலைகளில் சேவல் இறகு. எருமைக்கொம்பு ஊதல் ஒன்று நடுநடுவே அலறும். தாய்மார் வழியாகக் கைமாறிவந்த பித்தளைத் தட்டுமணிகளும் வெளியே வரும். அவற்றின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒரு காலத்தில் குடும்பத்தின் செல்வாக்கை அளந்தார்கள். ஆட்டம் நோக்மா வீட்டோடு நிற்பதில்லை. வீடு வீடாகப் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் சோறு, இறைச்சி, சூ. மனஸ்தாபத்தில் பேச்சை நிறுத்தியவர் வீட்டு வாசலையும் முரசு தாண்டிப் போய்விடாது.

சால்ஜோங் சூரியனோடு சேர்த்து நினைக்கப்படும் தெய்வம், விளைச்சலுக்கு அதிபதி. மனிதனுக்கு நெல்விதை தந்தவர் அவர்தான் என்பதும், கைம்மாறாக ஆண்டுக்கொரு தரம் நன்றி சொல்லிச் சாம்பிராணிப் புகை காட்டச் சொன்னார் என்பதும் நம்பிக்கை. நெல்லுக்குத் தாயும் உண்டு: ரோகிமே. வழிபாடு வாங்காலா அன்று மட்டும் நடப்பதல்ல. காடு வெட்டும்போது ஒரு சடங்கு, எரித்துவிட்டு விதைக்கும் முன் ஒரு சடங்கு, முதல் கதிர் முற்றியதும் ரோங்சுகாலா என்று ஒரு சடங்கு. புது நெல்லை இடித்து அவலாக்கித் தெய்வத்துக்கு வைக்காமல் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. வாங்காலா இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. அன்றோடு சால்ஜோங்குக்கு விடைகொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த விளைச்சலுக்குத்தான் திரும்பி வருவார்.

புது அரிசியைத் தெய்வத்துக்குக் காட்டிவிட்டு உண்பது நாடு முழுவதும் உள்ள பழக்கம். மேற்கு ஒடிசாவில் நுவாகாய், வங்காளத்தில் நபான்னம், குடகில் புத்தரி, நம் நாகர்கோவில் பக்கத்தில் நிறைபுத்தரிசி. ஆனால் அந்த இடங்களில் கோயிலும் புரோகிதரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். காரோ மலையின் பழைய சமயத்தில் கோயில் இல்லை, சிலை இல்லை, ஏடு இல்லை. அந்தந்தச் சடங்குக்கு மூங்கிலைச் சீவி ஒரு பீடம் கட்டுகிறார்கள். காரியம் முடிந்ததும் அது வெயிலிலும் மழையிலும் மக்கிப்போகிறது.

இந்தச் சமயத்தாருக்கு சொங்சாரெக் என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதிய பழைய பாதிரிமார்கள் இவர்களைக் குறிக்கக் கையாண்ட சொல்லுக்கு அக்காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ நூல்களில் ‘அஞ்ஞானிகள்’ என்பதே வாடிக்கையான மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அந்தச் சொல்லை எடுக்கக் கை வரவில்லை. சொங்சாரெக் என்பதே வெளியிலிருந்து ஒட்டிய பெயர்தான் என்றும், வங்க மொழியின் ‘சாங்சாரிக்’ என்ற சொல்லிலிருந்து, அதாவது உலக வாழ்வில் உழல்பவர் என்ற பொருளில் வந்தது என்றும் கருதுவோர் உண்டு. அது சரியானால், நம் கரிசல் சீமையில் சம்சாரி என்கிறார்களே, அந்தச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அங்கே சம்சாரி என்றால் விவசாயி. இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

பாதிரிமார்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1863இல் குவாஹாட்டியில் ஓமெத், ராம்கே என்ற இரண்டு காரோக்கள் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த மைல்ஸ் பிரான்ஸனிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். மலைக்குள் சுவிசேஷத்தைக் கொண்டுபோனவர்கள் முதன்மையாக இவர்களைப் போன்ற காரோக்களே. கூடவே பள்ளிக்கூடம் வந்தது, மருந்து வந்தது, முதலில் வங்க லிபியிலும் பின்னர் ரோமன் லிபியிலுமாக எழுத்து வந்தது. இன்று 11 லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுவதாக 2011 கணக்கெடுப்பு காட்டும் மொழிக்கு அச்சும் அகராதியும் கிடைத்ததில் மிஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் விலை இருந்தது. பலி கூடாது, அரிசி மது கூடாது, முரசாட்டம் கூடாது என்பது பாப்டிஸ்ட் சபையின் கட்டளை. மூன்றையும் எடுத்துவிட்டால் வாங்காலாவில் மிச்சம் எதுவும் இல்லை. 2011 கணக்குப்படி மேகாலயாவில் நூற்றுக்கு 75 பேர் கிறிஸ்தவர்கள். பழைய சமயத்தவர் ‘பிற சமயங்கள்’ என்ற கட்டத்துக்குள் காஸி, ஜெயின்டியா மலைகளின் மரபுச் சமயத்தாரோடு அடைபட்டிருக்கிறார்கள். மேற்கு காரோ மலையின் சாடோல்பாரா போன்ற சில ஊர்களில்தான் வாங்காலா இன்னும் வீட்டு வழிபாடாக நடக்கிறது. அங்கும் ஒரே குடும்பத்தில் மூத்தவர் சொங்சாரெக்காகவும் இளையவர் கிறிஸ்தவராகவும் இருப்பது சகஜம். அண்ணன் வீட்டு வாங்காலாவுக்குத் தம்பி வருவார், சாப்பிடுவார். பானையிலிருந்து மதுவை மொண்டு நீட்டும்போது மட்டும் தேநீர் போதும் என்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தனி மனிதர் மதம் மாறினால் அவர் வீட்டுக் காரியம்தான் நிற்கும். நோக்மாவும் அவர் மனைவியும் மாறினால் ஊருக்கே வாங்காலா இல்லை, ஏனெனில் முதல் மதுவை வார்க்க வேண்டியவர் அவர். மந்திரங்களைச் சொல்லும் பூசாரிகளுக்கு கமால் என்று பெயர். சால்ஜோங்கை அழைக்கும் நீண்ட பாடங்கள் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கின்றன. பேச்சுவழக்குக்குச் சம்பந்தமில்லாத பழஞ்சொற்கள், இரண்டிரண்டாக அடுக்கிவரும் பெயர்கள். பள்ளிக்கூடத்தில் படித்த பேரனுக்குப் பாதி புரியாது. ஒரு கமால் இறந்தால், கற்றுக்கொண்டவர் இல்லையென்றால், பாடமும் அவரோடு போய்விடுகிறது. அதை மீண்டும் எழுதிக்கொள்ள ஏடு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் சபையின் தலையில் போடுவதும் தவறு. வாங்காலா ஜூம் சாகுபடியின் திருநாள். தையில் காட்டை வெட்டி, பங்குனியில் எரித்து, ஒரே சரிவில் நெல், சோளம், மிளகாய், பருத்தி, இஞ்சி என்று கலந்து விதைத்து, ஓரிரு ஆண்டில் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறு சரிவுக்குப் போகும் விவசாயம் இது. விட்ட நிலம் தேற முன்பெல்லாம் பத்து ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. ஜனத்தொகை பெருகிய பிறகு பல இடங்களில் அது மூன்று, நான்கு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. மண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை. சரிவுகளில் இப்போது முந்திரி, பாக்கு, ரப்பர். இவை கையில் காசு தருகின்றன. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகின்றன. ஆனால் ஒரு முறை ரப்பர் நட்ட நிலம் குலத்தின் சுழற்சிக்குத் திரும்பி வருவதில்லை. நெல் மலையில் விளையாமல் ரேஷன் கடையிலிருந்து வரும்போது, வாசலில் சால்ஜோங்குக்கு என்ன வேலை?

இத்தனைக்கும் நடுவில் முரசுச் சத்தம் மட்டும் பெருகியிருக்கிறது. 1976இல், தனி மாநிலம் உருவாகி நான்கே ஆண்டு ஆன நிலையில், மரபு அழிந்துவிடுமோ என்று கவலைப்பட்டவர்கள் நூறு முரசு வாங்காலாவைத் தொடங்கினார்கள். துராவுக்கு அருகே நவம்பரில் நடக்கும் விழா அது. பத்துக் குழுக்கள், குழுவுக்குப் பத்து முரசு, முப்பது ஆட்டக்காரர்கள். கடைசி நாளில் முந்நூறு பேரும் ஒரே மைதானத்தில் ஒரே தாளத்தில் ஆடும்போது தரை அதிர்கிறது என்பது வெறும் வர்ணனை அல்ல. அமைச்சர்கள், சுற்றுலாத் துறை, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. ஆடுபவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தாத்தா காலத்தில் பாவம் என்று விலக்கியதைப் பேரன் பண்பாடு என்று மீட்டெடுத்திருக்கிறான். கத்தோலிக்கர்கள் இன்னும் ஒரு படி போய், கிறிஸ்து அரசர் திருநாளோடு வாங்காலாவை இணைத்துக் கதிர்களைப் பீடத்தில் காணிக்கையாக வைக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்து மைமன்சிங் பக்கத்துக் காரோக்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. 2024இல் மேகாலயத்தின் ‘சுபிட்சி’ அரிசி மதுவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சபை விலக்கிய பானைக்கு அரசாங்கம் முத்திரை குத்தித் தந்திருக்கிறது.

இந்த விழாவை வேஷம் என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது இல்லாதிருந்தால் முரசு கடையவும் தோல் கட்டவும் தெரிந்தவர்கள் இதற்குள் அருகியிருப்பார்கள். துராவில் வளர்ந்த பெண்ணுக்கு டாக்மாண்டா உடுத்தி வரிசையில் நிற்க ஒரு காரணமும் இருந்திருக்காது. ஆனால் மைதானத்தில் ஆட்டத்துக்கு நேரக்கணக்கு உண்டு, நடுவர் உண்டு, பார்ப்பவர் ஒரு பக்கம் ஆடுபவர் ஒரு பக்கம். நோக்மா வீட்டில் பார்ப்பவர் என்று யாரும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் ஆபத்து. மேடை இருக்கிறதே, மரபு பிழைத்துக்கொண்டது என்று நிம்மதியாக இருந்துவிடலாம்.

முரசுகளிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. டாமா எங்கும் போகும். டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்கும் போயிருக்கிறது. அதைவிடப் பெரிதான க்ராம் என்ற முரசு நோக்மா வீட்டிலேயே இருக்கும். சடங்கு நேரத்தில் தவிர அதில் யாரும் கை வைப்பதில்லை. நூறு முரசு மைதானத்தில் க்ராமுக்கு இடமில்லை. நோக்மா மதம் மாறிய வீடுகளில் அதை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. தட்டவும் முடியாது, தூக்கிப்போடவும் மனம் வராது.

வீட்டு வாங்காலாவின் கடைசி நாளில் ஆட்டக்காரர்கள் எல்லா வாசலையும் முடித்துக்கொண்டு நோக்மா வீட்டுக்கே திரும்புகிறார்கள். சால்ஜோங்குக்கும் ரோகிமேக்கும் கடைசி மதுவை வார்த்து வழியனுப்பிவிட்டு முரசுகளை இறக்கிவைக்கிறார்கள். வந்த உறவுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள். பனி விழத் தொடங்கும் அந்த வாரங்களில் ஊர் ஆண்கள் அரிவாளோடு காட்டுக்குள் போய், அடுத்த ஆண்டுக்கு எந்தச் சரிவு என்று பார்த்து அடையாளம் வைத்துவிட்டு வருகிறார்கள்.