குனிந்து பார்க்கும் ஆன்டெனா

கல்லூரி மைதானத்துக்கு வைஃபை வேண்டுமா? இருப்பதிலேயே உயரமான கட்டடத்தின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பெரும்பாலும் அங்கேதான் வேலை கெடுகிறது.

திசை ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. நாலாபுறமும் சிதறும் அலையை ஒரு பக்கமாகத் திரட்டுகிறது. 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் அறிமுகப்படுத்திய, பழைய டிவி ஆன்டெனாவாக நமக்குப் பழக்கமான வகை செய்வதும் இதைத்தான். வளாகங்களில் இன்று அதிகம் பொருத்தப்படுவது தட்டையான பேனல்.

வெறுமனே சக்தியைக் கூட்டினால் போதாதா? மரத்தடியில் இருக்கும் செல்போனுக்கு நம் குரல் கேட்கும். அதன் சன்னமான பதில்தான் இங்கே எட்டாது. திசை ஆன்டெனா அனுப்புவதில் எவ்வளவு கூர்மையோ, வாங்குவதிலும் அதே அளவு கூர்மை. இதன் அருமையே அதில்தான் இருக்கிறது. தவிர, இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்தான் உச்சவரம்பு.

ஆனால் கற்றை கூர்மையாக ஆக, குறி பார்ப்பது கடினமாகிறது. நேராக நிமிர்த்திவைத்த பேனலின் அலை, கீழே உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா, 50 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் உயரத்தில் செல்போன் என்றால், பேனலை ஏறக்குறைய 10 டிகிரி கீழே சாய்க்க வேண்டும். உச்சியில் இன்னொரு தொல்லையும் உண்டு: சுற்றுவட்டார வைஃபை எல்லாம் அதன் காதில் விழும். அதே சேனலில் வேறொருவர் பேசினால், முடியும்வரை காத்திருப்பது வைஃபையின் விதி. நன்றாகக் கேட்கும் இடத்தில் வைத்ததாலேயே இணைப்பு மந்தமாகும். ஆகவே என் கருத்தில் இரண்டாம் மாடிச் சுவரே மேல். அங்கிருந்து வளாகத்தின் உட்பக்கம் நோக்கிச் சற்றுக் குனிந்து பார்த்தால் போதும்.

வழியில் மரங்கள் இருந்தால், அலையை இலைகளின் நீர் விழுங்கும். கோடையில் இலையுதிர்ந்த நேரத்தில் சோதித்துவிட்டு நிம்மதியடையக் கூடாது. மழைக்காலத்தில் மறுபடி அளக்க வேண்டும். ரேடியோ பெட்டியை ஆன்டெனாவோடு இணைக்கும் மெல்லிய கோஆக்சியல் கேபிளும் அப்படித்தான், மூன்று நான்கு மீட்டரிலேயே பாதிச் சக்தியைத் தின்றுவிடும். எனவே ரேடியோ பெட்டியை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே வைத்து, கீழிருந்து நெட்வொர்க் கேபிளை இழுப்பதே நல்லது. மின்சாரமும் அதிலேயே போகும். 100 மீட்டர் வரை கவலையில்லை.

ஆன்டெனாவைத் தாங்கும் குழாயை எர்த் செய்து, மின்னல் காப்பானையும் பொருத்துங்கள். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அதன் அடியிலேயே சொட்டிவிடும். பிறகு செல்போனோடு மைதானத்தின் கடைக்கோடிவரை நடந்து பார்த்து, சாய்வு சரியான பிறகே கிளாம்பை முழுதாக முடுக்குங்கள்.