சீலாவா... ஷீலாவா?

எனக்கும் மீனுக்கும் முப்பது வருஷப் பழக்கம். ஆனால் எங்கள் சந்திப்பெல்லாம் தட்டில்தான். வேகிறதுக்கு முன்னால் அது எப்படி இருக்கும், முகம் என்ன ஜாடை என்றெல்லாம் நான் விசாரித்ததே இல்லை. இந்த லட்சணத்தில் சொந்த ஊர் தூத்துக்குடி! வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, அப்பா இன்னைக்கு ராத்திரி ரயில்ல ஏறுதாங்க. கண்ணுல புரை முத்திப் போச்சு, அங்க வச்சே ஆபரேஷன் பண்ணிரு. இன்னொண்ணு... அம்மா போனதுலேர்ந்து சரியாவே சாப்பிட மாட்டேங்காங்க. கடைச் சாப்பாடும் வயித்துக்கு ஒத்துக்கலை. நீயே ஏதாவது செஞ்சு குடு."

நீயே ஏதாவது! எனக்குத் தெரிந்த சமையல் மூன்றே மூன்று. டீ, நூடுல்ஸ், நேற்றைய சாம்பாரைச் சுட வைப்பது.

அப்பா வந்து இறங்கினார். அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. யாரிடமோ இரவல் வாங்கிய மாதிரி சட்டை தோளில் தொங்கியது. வெள்ளிக்கிழமை மெஸ் சாப்பாடு வாங்கி வந்தேன். சாதத்தில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். சனிக்கிழமை இட்லி. ஒன்றரை. மீதி அரையைக் காக்கைக்கு வைத்தார்.

"என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்லே. படு."

விளக்கை அணைத்துப் பத்து நிமிஷம் இருக்கும். இருட்டிலிருந்து குரல் வந்தது.

"எலே... சீலா கெடைக்குமா இங்க?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எட்டு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். வாங்காமல் விட்டால் நான் பிள்ளையா?

காலையில் முதல் வேலையாக எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் மேடத்துக்குப் போன் போட்டேன். நாகர்கோவில்காரர். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் மூன்று டேபிள் தள்ளி இருப்பவனுக்கும் பசிக்கும்.

"தம்பி, பயப்படாதீங்க. சமையல் தெரியாதவங்க முதல்ல கத்துக்க வேண்டியதே மீன்தான். மட்டனை ஒரு மணி நேரம் வேக வைக்கணும். மீன் பத்து நிமிஷம். சொதி வச்சிருங்க. காரம் இல்ல, வயித்துக்கும் நல்லது."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டுக்கறியில் சதையைக் கட்டிப் போடும் நார் அதிகம், அது இளகவே நேரம் பிடிக்கும். தண்ணீரில் மிதக்கிற மீனுக்கு அவ்வளவு கட்டுமானம் தேவையில்லை. நார் குறைவு, சதையும் சிறு சிறு அடுக்கு. சூடு பட்டதும் வெந்துவிடும். அதனால்தான் மீனை வேக வைக்கத் தெரியாமல் கெடுப்பவர்களை விட, வெந்த பிறகும் விடாமல் கொதிக்க வைத்துக் கெடுப்பவர்கள் அதிகம்.

மேடம் மீன் வாங்கவும் பாடம் எடுத்தார். கண் பளபளவென்று துருத்திக்கொண்டு இருக்கணும். குழி விழுந்து வெளுத்திருந்தால் நகர்ந்துவிடணும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பு. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பணும். கடல் வாடை அடிக்கலாம், நாற்றம் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும். நாட்டுப்படகில் வரும் சின்ன மீனைக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சேறு, ஐஸ், சத்தம்.

"அக்கா, சீலா இருக்கா?"

"ஷீலாதான? இத்தப் பாரு நைனா. இப்பத்தான் காசிமேட்டுலேர்ந்து வந்து எறங்குச்சு."

நீளமாக, வெள்ளி மாதிரி ஒரு மீன். கண் பளபள. செவுள் ரத்தச் சிவப்பு. அழுத்திப் பார்த்தேன், பள்ளம் எழும்பியது. எல்லாப் பரீட்சையிலும் பாஸ்! பேரம் பேசினேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பேரத்தை நிறுத்திக்கொண்டேன். துண்டு போட்டு, தலையையும் கட்டிக் கொடுத்தார்கள்.

வீட்டில் பையை வாங்கிய அப்பா, சரியாகத் தெரியாத கண்ணோடு கையை உள்ளே விட்டுத் தலையைத் தடவிப் பார்த்தார். நீண்ட மூஞ்சி. கீழ்த்தாடை வெளியே. உள்ளே ஊசி ஊசியாகப் பல்.

"என்னலே இது?"

"சீலாப்பா. நீங்கதானே கேட்டீங்க?"

"இது ஊளிலே!"

அப்புறம்தான் விஷயம் விளங்கியது. எங்கள் ஊரில் சீலா என்றால் சென்னையில் வஞ்சிரம். சென்னையில் ஷீலா என்றால் எங்கள் ஊரில் ஊளி. ஒரே கடல்தான், ஆனால் ஊருக்கு ஊர் பெயர் மாறிவிடுகிறது. ஆகவே வெளியூரில் மீன் வாங்குகிறவர்களே, பெயரைச் சொல்லாதீர்கள். விரலை நீட்டிக் காட்டுங்கள்!

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுபடி ஓடலாமா என்று சட்டையைத் தேடினேன். அப்போது ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் அப்பா தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"உங்கம்மாவும் இப்படித்தாம்லே. கல்யாணமான புதுசு. மதுரைக்காரி, கடலையே பாத்ததில்ல. சீலா வாங்கிட்டு வான்னு அனுப்புனேன். சூரையை வாங்கிட்டு வந்து நிக்கா! எங்கம்மா தலையில அடிச்சுக்கிட்டா."

எனக்கு ஆச்சரியம். மீன் விஷயத்தில் அம்மாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பதே நான் கேள்விப்படாத சேதி. பிறக்கும்போதே அகப்பையோடு பிறந்தவள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

"அப்புறம் எப்படிப்பா கத்துக்கிட்டாங்க?"

"தப்பாச் செஞ்சுதான். வேற எப்படி? சரி, அடுப்பைப் பத்த வை. ஊளிக்கு என்ன குறைச்சல்?"

வைத்தேன். நீங்களும் வைக்கலாம். இரண்டு மூன்று பேருக்கு இதுதான் கணக்கு.

மீன் துண்டு அரைக் கிலோ. எந்த மீனும் சரி. கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு தரம் அலசி வையுங்கள். சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் நான்கு, பூண்டு ஐந்து பல், விரல் நுனி அளவு இஞ்சி, தக்காளி ஒன்று. எல்லாவற்றையும் நறுக்குங்கள், அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு தேங்காயைத் துருவி மிக்ஸியில் அடித்துப் பிழிந்து, முதல் பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் இரண்டு டம்ளர் எடுத்துத் தனித்தனியே வையுங்கள். சோம்பேறிகளுக்குக் கடையில் பாக்கெட் பால் கிடைக்கிறது. அதில் பாதியைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தால் அதுவே இரண்டாம் பால்.

முதலில் குக்கரில் சாதத்தை வைத்துவிடுங்கள். சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய். வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை போட்டு மூன்று நிமிஷம் வதக்கல். சிவக்கக் கூடாது, வாடினால் போதும். தக்காளியைப் போட்டு இன்னும் இரண்டு நிமிஷம். கால் ஸ்பூன் மஞ்சள் தூள், உப்பு, இரண்டாம் பால். கொதி வந்ததும் மீனை ஒவ்வொரு துண்டாக இறக்கித் தீயைக் குறைத்து மூடுங்கள். ஏழெட்டு நிமிஷம்.

இங்கேதான் நம் கை சும்மா இருக்காது. கரண்டியை எடுக்கும். எடுக்காதீர்கள்! மீன் உடைந்து உப்புமா ஆகிவிடும். துணியால் சட்டியின் காதைப் பிடித்து லேசாக ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். கடைசியில் முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் பால் திரிந்துபோகும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல, மீன் வாடையையும் அடக்கிவிடும்.

நான் செய்த தப்பு இரண்டு. உப்பு கொஞ்சம் குறைச்சல். ஒரு துண்டைக் கரண்டியால் திருப்பப் போய் அது மூன்றாகிவிட்டது. அந்த மூன்றை என் தட்டில் மறைத்துக்கொண்டேன்.

அப்பா சாதத்தைக் குழித்து, சொதியை ஊற்றி, முள்ளைத் தடவித் தடவி எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு பத்தாது" என்றார்.

"சரிப்பா."

"இன்னும் கொஞ்சம் சோறு வை."

ஆபீஸில் இன்கிரிமென்ட் ஆர்டர் வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். செருப்பை மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார்:

"ஆபரேஷன் முடிஞ்சதும் நெஜ சீலா வாங்கி ஆக்கிருவோம். மார்க்கெட்டுக்கு நானும் வாரேன்."

"எதுக்குப்பா வீண் அலைச்சல்? நானே போய்..."

"நீ சும்மா இருலே. உனக்குத்தான் கண்ணு தெரியலையே!"