செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கப்போறீங்களா? முதல்ல டைமிங் பெல்ட் பத்தி கேளுங்க!

லாரி பாடி கட்டும் பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், முட்டை வண்டிகள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்குகள், சங்ககிரி லாரிகள்... சேலம், நாமக்கல் மாவட்டக்காரர்களுக்கு டீசல் இன்ஜின் புதிதல்ல. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் ஆட்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆனால், பழைய டீசல் கார் வாங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் அந்த லாரி அனுபவமே காலை வாரிவிடக்கூடும். அதுதான் டைமிங் பெல்ட்.

லாரி இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைப்பது இரும்புப் பல்சக்கரங்கள். ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால் அவை பல லட்சம் கிலோமீட்டர் உழைக்கும். அதனால்தான், 'டீசல் இன்ஜின்தானே, ஆயில் மாத்தினா போதும்' என்ற பேச்சு இங்கே சகஜம். கார் கதை வேறு. பல டீசல் கார்களில் அதே வேலையைச் செய்வது பல் வைத்த ரப்பர் பெல்ட். உள்ளே கண்ணாடி இழை ஓடினாலும், ரப்பர் ரப்பர்தான்.

எந்தக் காரில் பெல்ட், எதில் செயின்? கிரிஸ்டாவுக்கு முந்தைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவா, பழைய டாடா இண்டிகா, டஸ்டர், டெரானோ, வெரிட்டோ, டீசல் போலோ, வென்டோ, ஃபோர்டு ஃபிகோ, ஈக்கோஸ்போர்ட் டீசல்... இவற்றில் எல்லாம் பெல்ட். 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட், டிசையரில் செயின். இன்னோவா கிரிஸ்டாவிலும் செயின்தான்.

பெல்ட் பட்டியலில் இருப்பவற்றில் பலவும் இப்போது ஷோரூமில் கிடைக்காதவை. பழைய இன்னோவா 2016-ல் கிரிஸ்டாவுக்கு வழிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது ரெனோவும் ஃபோக்ஸ்வேகனும் இந்தியாவில் டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டன. ஆக, இன்று சந்தையில் இருப்பதெல்லாம் இரண்டு, மூன்று கை மாறிய வண்டிகள். பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்ற தகவல் முதல் ஓனரோடு போயிருக்கும்.

சரி, அந்த பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,000 முறை திறந்து மூடுகிறது. அதாவது, நொடிக்கு 16 முறைக்கு மேல். வால்வு விலகும் நேரமும் பிஸ்டன் மேலே வரும் நேரமும் தவறாமல் பார்த்துக்கொள்வது இந்த பெல்ட்தான். டீசல் இன்ஜினில் காற்றை மிக அதிகமாக அழுத்த வேண்டும் என்பதால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். ஓடுகிற வேகத்தில் கிராங்க் இன்னும் சில சுற்று சுற்றும். திறந்தபடி நிற்கும் வால்வுகளில் பிஸ்டன் போய் மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் கேமும் சேர்ந்து போகும். பெல்ட் மாற்றச் சில ஆயிரங்களில் முடிய வேண்டிய செலவு, ஹெட்டை இறக்கும் செலவாகப் பல மடங்கு எகிறும்.

செலவைவிடப் பெரிய கவலை, அது எங்கே அறுகிறது என்பது. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இன்ஜின் நின்றால், பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் இரண்டு, மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அதன் பிறகு சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பக் கூடாது. நம் ஊர் வழக்கப்படி நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தப்பிய வால்வுகளும் அதில் வளைந்துவிடும்.

எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது? வண்டிக்கு வண்டி வேறு. 60,000-லிருந்து ஒன்றரை லட்சம் வரை போகும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கணக்கு. பல கையேடுகளில் ஆண்டுக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. வருஷத்துக்கு நாலு முறை குலதெய்வம் கோயிலுக்கு மட்டும் எடுக்கும் வண்டி என்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். பழைய இன்னோவாவில் குறித்த கிலோமீட்டர் ஓடியதும் டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' விளக்கு எரியும். ஆனால், பெல்ட்டை மாற்றாமலே விளக்கை மட்டும் அணைக்க முடியும் என்பதால், விளக்கு எரியவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. பெல்ட்டைக் கண்ணால் பார்த்தும் தீர்மானிக்க முடியாது. இந்தக் கால பெல்ட்கள் வெடிப்பே காட்டாமல் அறுந்துபோகும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றச் சொல்வது தவறான சிக்கனம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஐட்லர் பேரிங்கும் அதே தூரம் ஓடியவைதான். அவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டாலும் புது பெல்ட் போய்விடும். டஸ்டர், போலோ டீசல் போன்றவற்றில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட். ஆறு மாதம் கழித்து பம்ப் ஒழுகினால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும். கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். ஆயில் பட்டால் ரப்பர் ஊறி வீணாகிவிடும்.

வேலையும் அவசர வேலை அல்ல. டைமிங் மார்க்குகளை நேர் நிறுத்தி, அந்த இன்ஜினுக்கு உரிய பின்னைச் செருகி கிராங்க்கையும் கேமையும் பூட்டிய பிறகுதான் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். புதியதை மடக்காமல், முறுக்காமல் மாட்ட வேண்டும். பின்னை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் போனாலும் சிக்கல்தான். பின் செட் இல்லாமல், பெயின்ட் குறி வைத்தே முடித்துவிடலாம் என்று சொல்லும் பட்டறையாக இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெல்ட் கிட் வாங்கிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை, 'மாத்தியாச்சுங்க' என்ற வாய் வார்த்தை மட்டும்தான் என்றால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். சபரிமலை, பழனி என்று நீண்ட பயணம் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கராக ஒட்டச் சொல்லுங்கள். நாளை உங்களிடமிருந்து அந்த வண்டியை வாங்குகிறவரும் இதே கேள்வியைக் கேட்பார்.