கூடைக்குள் இரண்டு தேங்காய்

மேடைக்குப் பின்னால் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்! கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை தாண்டி, குருநாகல் வீதியில் கலகெதர வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் பறந்துபோயிற்று. முன்வாசலில் சனம் நெரிகிறது. நாம் பின்பக்கமாகப் போவோம், வாருங்கள். காலைப் பார்த்து வையுங்கள், வழியெல்லாம் வயர்.

இதுதான் ஒப்பனை அறை. வகுப்பறையொன்றின் நடுவே படுக்கை விரிப்பைக் கட்டி இரண்டாக்கியிருக்கிறார்கள். பதினான்கு பெண் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கண்ணாடி. மேசையில் மாலுபாண் துகள், பாதி குடித்த பிளேன்டீ, வாய் திறந்த பவுடர் டப்பா. “என்ட ஊக்கைக் கண்டீங்களா?” என்று ஒருத்தி எல்லோரையும் கேட்கிறாள். ஊக்கு அவளுடைய பல்லிடுக்கில்தான் இருக்கிறது. அறையே சிரிக்கிறது. மின்விசிறி வேலை செய்யவில்லை. பூசிய பவுடர் கழுத்து வழியே கோடாக இறங்குகிறது.

இன்றைக்கு ஆடப்போவது ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச் 7ஆம் திகதி வந்த பாட்டு. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு, வெளியிட்டது மாஜ்ஜா. அந்த வருடம் எங்கள் பக்கம் இந்தப் பாட்டு ஒலிக்காத முச்சக்கரவண்டி உண்டா என்ன? கல்யாண வீட்டிலும் இதுதான், கிரிக்கெட் மைதானத்திலும் இதுதான்.

“ஆடுற பாட்டுத்தானே மாஸ்டர், ஏன் சோகமா மூஞ்சிய வைக்கச் சொல்றீங்க?” சின்னவள் ஒருத்தி கேட்கிறாள்.

நடனம் பழக்கிய மாஸ்டர் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “சாவு வீட்டுலயும் தப்புக்கு ஆடுறாங்கதானே புள்ள.”

எனக்குச் சட்டென்று மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. துள்ளலுக்கு அடியில் இருப்பது ஒப்பாரி. தோட்டம் போட்டுச் செழிக்க வைத்தவருக்கே தாகம் தீராத கதை அது. பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து, பிறகு தமிழ்நாடு திரும்பியவர். காணொளியில் நடுநாயகமாக அமர்ந்திருப்பாரே, அவரேதான்! 2024இல் அறிவு தன் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்றே பெயர் வைத்தார்.

இந்தப் பாட்டின் பின்மேடையிலும் வியர்வை உண்டு, மனக்கசப்பும் உண்டு. முப்பது மணித்தியாலத்துக்குள் பாட்டை முடித்ததாகச் சந்தோஷ் நாராயணன் சொன்னார். ஆறு மாதம் உறக்கமில்லாமல் உழைத்ததாக அறிவு எழுதினார். 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தபோது, பாட்டு யாருடைய உழைப்பு என்று எழுந்த பேச்சு அது. எனக்கு அந்தச் சர்ச்சையில் மனதில் நிற்பது ஒன்றுதான்: அந்த நேரத்திலும் அறிவு தன் பாட்டியின் பெயரையும், நிலமில்லாத தன் முன்னோரையும்தான் முன்னே வைத்தார்.

சரி, வாருங்கள், வெளியே புகை வருகிறது. பயப்பட வேண்டாம், தப்பு காய்ச்சுகிறார்கள். மாலை மழை தூறியதில் தோல் தொய்ந்து, அடித்தால் ‘தொப்’ என்கிறது. இரண்டு பையன்கள் பழைய அட்டைப்பெட்டியையும் காய்ந்த தென்னோலையையும் கொளுத்தி, தப்பைத் தீயின் முன் மெல்லத் திருப்புகிறார்கள். ஒருவன் உள்ளங்கையைத் தோலில் வைத்துச் சூடு பார்க்கிறான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. விரலால் ஒரு தட்டு. இன்னும் இல்லை. மறுபடி தீ. மறுபடி தட்டு. ‘கணீர்’ என்றது பாருங்கள், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது!

உள்ளே இதற்குள் ஒரு கலவரம். ஒருத்தியின் அம்மாயி வந்திருக்கிறார். தோட்டத்தில் கொழுந்து பறித்த கை. பிள்ளைகள் தலையில் மாட்டியிருக்கும் கூடைகளைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னா புள்ள இது, கூட காத்துல பறக்குது? கொழுந்துக் கூடன்னா கழுத்து குனிய வேணாமா?”

கூடைக்குள் எட்டிப் பார்க்கிறார். கசக்கிய பச்சைக் காகிதம். தன் பையிலிருந்த இரண்டு தேங்காயை எடுத்து, அடியில் போட்டு, மேலே காகிதத்தைப் பரப்பிவிடுகிறார். கயிறு நெற்றியில் அழுந்துகிறது. பேத்தியின் கழுத்து தானாகவே முன்னே வளைகிறது. இடுப்பில் படங்கை இறுக்கிக் கட்டிவிட்டு, “இப்ப நட” என்கிறார். பேத்தி நடந்த நடையில் அறை அமைதியாகிவிட்டது.

அம்மாயியின் அக்கா குடும்பம் கப்பல் ஏறிப் போனதாம். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரின் கணக்குப் பேசப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். ஒரே லயத்தில் பிறந்தவர்கள் கடலுக்கு இரண்டு கரையிலுமாகப் போனார்கள். “ரயிலு கெளம்புறப்ப போட்ட சத்தம் இருக்கே, அது இந்தப் பாட்டுல இருக்குய்யா” என்றார் அம்மாயி. வேறு விளக்கம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமுகிறார். விளக்கு அணைகிறது. திரைக்கு இந்தப்பக்கம் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். தப்பு விழுந்ததும் முன்னே கைதட்டல், விசில், கூச்சல். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, பிள்ளைகள் சிரித்த முகத்தோடு எவ்வளவு மூச்சு வாங்குகிறார்கள் என்று. அந்தப் பேத்தி மட்டும் கழுத்தை நிமிர்த்தவே இல்லை. அம்மாயி சேலைத் தலைப்பை வாயில் பொத்தியபடி, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தார்கள். பேத்தியின் நெற்றியில் கயிற்றுத் தடம் சிவந்திருந்தது. அதைத்தான் எல்லோருக்கும் காட்டினாள். அம்மாயி கூடையைச் சரித்துத் தேங்காய் இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் ரொட்டிக்குச் சம்பல் அரைக்க வேண்டுமாம்.