கிண்ணம் ஏன் கோணுகிறது?

பச்சை மரத்தைக் கடைசல் எந்திரத்தில் ஏற்றிக் கடைவது சுகமான வேலை. உளி பட்டதும் ஈரச் சுருள்கள் நீளநீளமாகப் பறக்கும். தூசியும் அதிகம் இராது. வினை அப்புறம்தான். கச்சிதமான வட்டமாக இறங்கிய கிண்ணம் சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும். கவிழ்த்து வைத்தால் ஆடும். மரம் சரியில்லை என்று பழி விழும். ஆனால் எந்தப் பக்கம் சுருங்கும் என்பதைக் கட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்லின் உள்ளறையில் இருப்பது முதலில் போகும். எடைதான் குறையும், வடிவம் மாறாது. ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு செல் சுவருக்குள் இருக்கும் நீர் கிளம்புகிறது. கோணலும் அப்போதுதான் தொடங்குகிறது. சுவரிலுள்ள செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் கிடக்கின்றன. ஈர்க்குச்சிக் கட்டை இறுக்கினால் பருமன் குறையும், நீளம் குறையாது, இதுவும் அப்படித்தான். நீளவாக்கில் சுருக்கம் 0.1 முதல் 0.2 சதவீதம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையிலோ பல மரங்களில் 6 முதல் 10 சதவீதம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. அந்த வாக்கில் ஓடும் கதிர்த் திசுக்கள் இழுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம். தேக்கு இதில் சாது: 5.8, 2.5. தச்சர்கள் அதை நம்புவதற்குக் கரையான் பயமின்மை மட்டும் காரணமல்ல.

கிண்ணத்துக்கான கட்டையை நெட்டுவாக்கில் பிளந்து, வெடிக்கக்கூடிய நடுப்பகுதியை ஒதுக்கிவிட்டு எடுப்பார்கள். எனவே வாய் விளிம்பில் ஒரு விட்டம் நாரோடு போகும், மற்றது குறுக்கே. 30 செ.மீ. கிண்ணம் குறுக்கே 6 சதவீதம் சுருங்கினால் 18 மி.மீ. போய்விடும், நாரோடு அரை மி.மீ. அளவுக்குத்தான்.

கடைசல்காரர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: முதல் சுற்றில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விடு, காயவை, மறுபடி கடை. அனுபவத்தில் பிறந்த கணக்கு, ஆனால் பிசகாதது. 3 செ.மீ. சுவரில் இருபுறமும் 9 மி.மீ. உள்ளே வந்தாலும், மீண்டும் வட்டமாக்க 2 செ.மீ. மிஞ்சும். காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். நார் முனை வெளிப்படும் இடங்களில் ஈரம் விரைந்து ஓடும் என்பதால் அங்கே மெழுகு பூசி, கிண்ணத்தைக் காகிதப் பைக்குள் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அவ்வப்போது எடை பார்க்க வேண்டும். எடை நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். அதுவும் அந்த ஊர்க் காற்றுக்கு மட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமானால் மரம் சுமார் 14 சதவீத ஈரத்தில் நிற்கும். 40 ஆனால் ஏழெட்டுக்கு இறங்கும். கடற்கரையில் முடித்த கிண்ணம் ஏ.சி. அறைக்குப் போனால் இன்னும் கொஞ்சம் நெளியும்.

ஈரத்துக்குப் பதிலாக வேறொன்றைச் செல் சுவரில் நிரப்பும் வழியும் இருக்கிறது. 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட ஸ்வீடனின் வாசா கப்பலுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். கிண்ணத்துக்கும் அது பலிக்கும். ஆனால் மேற்பூச்சு சரியாகப் பிடிக்காது. கிண்ணத்துக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கட்சி.

அதைவிட, ஒரே மூச்சில் மெல்லியதாகக் கடைந்து மரத்தை அதன் போக்கில் கோணவிடுவது எனக்குப் பிடிக்கும். இங்கே நிபந்தனை ஒன்றே: சுவரும் அடியும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். அடியைக் கனமாக விட்டால் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கப் பார்க்கும், ஈரமான அடி விடாது. அந்த இழுபறியில் கிண்ணம் வெடிக்கும்.